திடீரென நிற்கும் கணினி: முதலில் சூட்டைப் பாருங்கள்

தம்பி, வீடியோ எடிட் செய்யத் தொடங்கி அரை மணித்தியாலத்தில் கணினி பட்டென்று நின்றுவிடுகிறது, உடனே போட்டால் திரும்பவும் நிற்கிறது, கொஞ்ச நேரம் விட்டால் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது பெரும்பாலும் சூடுதான். வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி போட வேண்டாம், வீண் வேலை.

எச்டபிள்யூ மொனிட்டர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, எடிட் ஓடும்போதே கணினியின் மூளையான சீபியூவின் சூட்டைப் பாருங்கள். 95 பாகை செல்சியஸுக்கு மேலே ஏறிக்கொண்டே போனால் காரணம் அதுதான்.

பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கத் தகட்டைத் திறவுங்கள். யாழ்ப்பாணத்து உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தூசி, சீபியூவின் சூட்டை வெளியேற்றும் ஹீற்சிங்கின் தகடுகளுக்கு இடையில் கம்பளி மாதிரி அடைந்திருக்கும். விசிறி சுற்றும், ஆனால் காற்று உள்ளே போகாது. விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதுங்கள். சுற்ற விட்டால் பெயரிங் பழுதாகலாம். பழைய கணினி என்றால் சீபியூவுக்கும் ஹீற்சிங்குக்கும் இடையில் பூசும் தேர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், துடைத்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் வையுங்கள். கணினிக்கு மின் கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளையை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கப்பாசிட்டரில் மின் நிற்கும்.

சூடு குறைவாக இருந்தும் நிற்கிறதா? அப்படியென்றால் கிணற்று மோட்டர் போடும் நேரத்தைக் கவனியுங்கள். அப்போது லைட் மங்கினால் வோல்டேஜ் இறங்குகிறது. பலவீனமான பவர் சப்ளை அதைத் தாங்காது.

அப்புறம், விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கேர்னல் பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். கணினி ஒழுங்காக மூடப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும். அதை மட்டும் நம்பிப் புதுப் பவர் சப்ளைக்குக் காசைக் கொட்டாதீர்கள். சூடு எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்கள், மேலே பார்ப்போம்.