சாய்த்தால் மட்டும் போதுமா?

கேள்வி: ஓட்டப்பந்தயப் போஸ்டருக்காகத் தடித்த சான்ஸ் செரிஃப் (எழுத்தின் முனைகளில் குறுங்கோடு இல்லாத) ஃபான்ட்டில் ஆங்கிலத் தலைப்பை அடித்து, இட்டாலிக் பட்டனைத் தட்டினேன். ‘இது நிஜமான இட்டாலிக் இல்லை’ என்கிறார் நண்பர். சாய்ந்துதானே இருக்கிறது?

பதில்: ஆங்கில ‘ஓ’வை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள், புரிந்துவிடும். சாய்வெழுத்து தனியாக வரையப்படாத ஃபான்ட் என்றால், மென்பொருள் நேரெழுத்தையே வலப்பக்கம் தள்ளிவிடும். அப்போது வளைவின் மேல் வலது பக்கமும் கீழ் இடது பக்கமும் பருத்துப்போகும்; மற்ற இரண்டு மூலைகளும் மெலிந்துபோகும். மெல்லிய எழுத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. போல்டில், அதுவும் போஸ்டர் அளவில், ‘ஓ’ நசுங்கிய வளையம் மாதிரி கோணிக்கொண்டு நிற்கும்.

நான் முதன்முதலில் ஒரு தடித்த சாய்வெழுத்துரு வரைந்தபோது இந்த ஓர் எழுத்தே நான்கு நாள் வாங்கியது. பருத்த இடத்தைச் செதுக்கினால் பக்கத்து எழுத்துக்கு முன்னால் நோஞ்சானாகத் தெரிந்தது. மெலிந்த இடத்துக்குச் சதை போட்டால் நடுவில் இருக்கும் வெள்ளை சுருங்கியது. சின்ன ‘ஏ’ (a), சின்ன ‘இ’ (e) இன்னும் பாடுபடுத்தும், உள்ளே இடமே கிடையாது. படுக்கைக் கோட்டை நிமிர்ந்த கோட்டைவிட ஒல்லியாக்கினால்தான் அவை மூச்சு விடும். வரைந்த சொல்லை அச்செடுத்துத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். கண் படிப்பதை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் பார்க்கும். எங்கே கனக்கிறது என்பது அப்போது பிடிபடும்.

எவ்வளவு சாய்ப்பது என்பது வரைபவரின் முடிவு. ஹெல்வெட்டிகா என்ற ஃபான்ட்டின் சாய்வு 12 டிகிரி. 1957-இல் வந்த யூனிவர்ஸ் என்ற ஃபான்ட் 16 டிகிரி சாய்ந்திருந்தது. இரண்டிலும் எழுத்தின் வடிவம் மாறாது, சாய்வு மட்டும்தான். கில் சான்ஸ் என்ற ஃபான்ட்டின் இட்டாலிக்கிலோ சின்ன ‘ஏ’ மேல்வளைவை விட்டுவிட்டுக் கையெழுத்துச் சாயலுக்கு வந்துவிடும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் பந்தயத் தலைப்புக்கு முதல் வகைதான் பொருந்தும். படிக்கும் திசையிலேயே எல்லா எழுத்தும் ஒன்றாகப் பாய வேண்டும், நடுவில் ஒன்று நளினம் காட்டக் கூடாது.

கேள்வி: அதே எழுத்தில் போஸ்டரின் விவரங்களையும் போடலாமா?

பதில்: வேண்டாம். நான்கைந்து சொல்லுக்கு மேல் போனால் கண் களைத்துவிடும். இத்தனைக்கும் இட்டாலிக் பிறந்ததே முழுப் புத்தகம் அச்சிடத்தான். 1501-இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளர் ஒரு நூல் முழுவதையும் அதில் கொண்டுவந்தார், அதற்கான அச்செழுத்துகளை வெட்டியவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. ஆனால் அது பேனா எழுத்திலிருந்து வந்த மெல்லிய இட்டாலிக். உங்களுடையது தூரத்தில் போகிறவரை நிறுத்திப் பார்க்க வைப்பதற்காக வரையப்பட்டது. தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் நேரெழுத்தில், சாதாரணக் கனத்தில் போடுங்கள். அப்புறம், சாய்ந்த சொல்லை அடுத்து நேரான அடைப்புக்குறி வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் கொஞ்சம் இடைவெளியைக் கையாலேயே கூட்டிவிடுங்கள்.

கேள்வி: தமிழ் எழுத்தையும் இப்படிச் சாய்க்கலாமா?

பதில்: தலைப்பில் செய்யலாம், சொல்லைப் பார்த்துச் செய்யுங்கள். சாய்வைக் காட்டுவது நிமிர்ந்த கோடுதான். ‘ட’, ‘ப’, ‘ம’ வரும் சொல் சட்டென்று ஓடத் தொடங்கும். ‘ண’வும் ‘ஞ’வும் நிறைந்த சொல்லில் போல்டுக்கே சுழிகள் அடைத்துக்கொள்ளும், அதன்மேல் சாய்த்தால் கறுப்புத் திட்டுதான் மிஞ்சும். முதலில் சுழிகளை அகலமாகத் திறந்துவிட்டு, அதன் பிறகு சாய்த்துப் பாருங்கள்.