குருவியைத்தான் எண்ண வேண்டும்

வணக்கம். குளிர்காலத்தில் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பறவைகளை எண்ணி அனுப்பும் திட்டங்களில் சேரச் சொல்லி எழுதியிருந்தீர்கள். ஆசைதான். ஆனால் இங்கே வருவதெல்லாம் சிட்டுக்குருவியும் புறாவும். சில நாள் அதுவும் இல்லை. இதை அனுப்பி யாருக்கு என்ன பயன்?
க.

அன்புள்ள க.,

அரிய பறவை ஒன்று எங்காவது வந்து உட்கார்ந்தால் கேமராவோடு கூட்டம் கூடிவிடும், தினமும் வேலியில் உட்காரும் குருவியை யாரும் குறித்துவைப்பதில்லை, அதனால் அது குறைந்துகொண்டே போனாலும் தெரிவதில்லை. உங்கள் குருவிக் கணக்கு அதற்குத்தான் வேண்டும்.

பிரிட்டனில் 1979 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் மக்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தோட்டத்துப் பறவைகளை எண்ணுகிறார்கள். குழந்தைகளுக்காக ஆரம்பித்தது அது. அந்தப் பட்டியலில் இன்றைக்கும் சிட்டுக்குருவிதான் முதலிடம். ஆனால் ஒரு தோட்டத்தில் சராசரியாகத் தென்படும் குருவிகள் அன்று இருந்ததில் பாதிகூட இல்லை! வருடா வருடம் எண்ணியிருக்காவிட்டால் இது எப்படித் தெரிந்திருக்கும்? வட அமெரிக்காவில் 1970க்குப் பிறகு சுமார் 300 கோடி பறவைகள் குறைந்துவிட்டதாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது, தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகளாக எண்ணிக் கொடுத்த கணக்கு இல்லாமல் அதைச் செய்திருக்கவே முடியாது. குறைந்ததில் பெரும்பங்கு சாதாரண இனங்கள்தான்.

சரி, எப்படி எண்ணுவது? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். காலையில் 4 குருவி, மதியம் 6, சாயங்காலம் 3 என்றால் கூட்டி 13 என்று எழுதக் கூடாது, போன குருவியே திரும்பி வந்திருக்கலாம். ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்சம் எத்தனையோ அதை மட்டும், அதாவது 6. உண்மையில் இன்னும் அதிகம் வந்திருக்கலாம், பரவாயில்லை, எல்லோரும் எல்லா வருடமும் இதே முறையில் எண்ணும்போது ஏற்ற இறக்கம் சரியாகத் தெரிந்துவிடும். ஒன்றுமே வராத நாளையும் அனுப்புங்கள். பறவை வந்த நாளை மட்டும் அனுப்பினால் எல்லாம் நிறைய இருப்பதாகக் கணக்கு காட்டும். அடையாளம் தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம், விட்டுவிடலாம்.

தீனித்தட்டு வைத்திருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது கழுவிக் காயவையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். 1994இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் பக்கம் ஹவுஸ் ஃபிஞ்ச் என்ற சிறு பறவைகள் கண் வீங்கி, பார்வை போய்த் தட்டுகளில் உட்கார்ந்திருப்பதை வீட்டுக்காரர்கள்தான் பார்த்துச் சொன்னார்கள், அந்தத் தொற்று கிழக்கு அமெரிக்கா முழுக்கப் பரவிய பாதையும் அவர்களைப் போன்றவர்கள் அனுப்பிய குறிப்புகளிலிருந்தே கிடைத்தது. பல பறவைகள் வந்து தின்னும் தட்டில் அது சுலபமாகத் தொற்றும். நோயுற்ற பறவையைப் பார்த்தால் தட்டைக் கொஞ்ச நாள் எடுத்துவிடுங்கள்.

பிப்ரவரியில் 4 நாள் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் உலகில் எங்கிருந்தும் சேரலாம், 15 நிமிடம் பார்த்தால் போதும். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை, ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் எந்த நாளும் பதியலாம். முடிந்தால் அதே ஜன்னல், அதே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.