அச்சு மாதிரி எழுதியும் திருத்துகிறாரே!

கேள்வி: அக்கா, நான் சீனாவில் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாடம் ஆங்கிலத்தில்தான். ஆஸ்பத்திரிப் பயிற்சியில் நோயாளிகளிடம் பேச வேண்டும் என்பதால் சீன மொழி வகுப்பும் உண்டு. எழுத்துகளைப் புத்தகத்தில் இருப்பது போலவே எழுதுகிறேன். ஆனாலும் ஆசிரியை பக்கத்தில் நின்று, "இந்தக் கோடு முதலில், அந்தக் கோடு அப்புறம்" என்று திருத்திக்கொண்டே இருக்கிறார். எழுதி முடித்த பிறகு எந்தக் கோட்டை முதலில் போட்டேன் என்று யாருக்குத் தெரியப்போகிறது? எல்லாரும் போனில் தட்டுகிற காலத்தில் இது அவசியமா?
- பெயர் வேண்டாம், சொந்த ஊர் திருச்சி

பதில்: அவசியம்தான் தங்கையே, உங்களுக்கு மற்றவர்களைவிட ஒரு படி கூடவே.

இன்னும் கொஞ்ச நாளில் வார்டில் ஒரு பாட்டியின் கட்டில் அருகே நிற்பீர்கள். அவர் பேசுவது வட்டார மொழி, வகுப்பில் படித்த சீனம் இல்லை. நீங்கள் விழிப்பதைப் பார்த்துவிட்டு, அவர் இடது உள்ளங்கையை விரித்து வலது சுட்டுவிரலால் அதில் எழுதிக் காட்டலாம். ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள் இருப்பதால் சீனர்கள் தங்களுக்குள்ளேயே இப்படிச் செய்வதுண்டு. உள்ளங்கையில் மை ஒட்டாது. விரல் போன வழி மட்டும்தான் அங்கே எழுத்து. அதே வழி உங்கள் கைக்கும் பழகியிருந்தால் சட்டென்று பிடித்துவிடலாம்.

பேனா பிடித்தாலும் இதே கதைதான். வேகமாக எழுதுகிறவர் பேனாவை முழுதாகத் தூக்குவதில்லை. ஒரு கோடு முடிந்த இடத்திலிருந்து அடுத்த கோடு தொடங்கும் இடத்துக்கு மெல்லிய இழை ஒன்று ஓடும். வரிசை தெரிந்தவர் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு படித்துவிடுவார், தெரியாதவருக்கு அது வெறும் கிறுக்கல். 'புத்தகம்' என்று பொருள்படும் 'ஷூ' பழைய வடிவில் 10 கோடுகள். இன்று சீனாவில் எழுதுவது 4 கோடுகள். அந்தச் சுருக்கம் பிறந்ததே வேகக் கையெழுத்தில்தான்.

போனில் ஒலியை வைத்துத் தட்டினால் வரிசை வேண்டாம், உண்மை. ஆனால் உச்சரிப்பே தெரியாத எழுத்தை என்ன செய்வீர்கள்? கோடுகளை ஐந்தே வகையாகப் பிரித்துத் தட்டும் முறை ஒன்று இருக்கிறது. அதில் வரிசை தவறினால் எழுத்து வராது.

சரி, பழகுவது எப்படி? 'மருத்துவம்' என்பதற்கான உங்கள் 'யீ' எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பக்கம் அடைத்து, வலப்பக்கம் திறந்த ஒரு பெட்டி. உள்ளே, தனியாக எழுதினால் 'அம்பு' என்று பொருள் தரும் எழுத்து. நமக்குக் கை துறுதுறுக்கும், பெட்டியை முதலில் போட்டுவிடலாமே என்று. அப்படி இல்லை. முதலில் கூரை, ஒரே படுக்கைக் கோடு. அப்புறம் உள்ளே அம்பு, 5 கோடுகள். கடைசியாக இடப்பக்கச் சுவரும் தரையும், கை எடுக்காமல் ஒரே இழுப்பு. ஆக மொத்தம் 7. நான்கு பக்கமும் அடைத்த பெட்டி என்றால், ஆள் உள்ளே போன பிறகு கதவைச் சாத்து, அதாவது அடிக்கோடு கடைசியில், என்று அங்கே குழந்தைகளுக்குச் சொல்லித்தருவார்கள். 'வாய்' என்னும் 'கோ' எழுத்தையும் சதுரமாகச் சுற்றிவிடாதீர்கள். இடச்சுவர் ஒன்று, மேலே குறுக்காகப் போய் வலப்புறம் மடங்கி இறங்குவது இரண்டு, அடிக்கோடு மூன்று. இந்த 'வாய்' எத்தனையோ எழுத்துகளுக்குள் உறுப்பாக உட்கார்ந்திருக்கிறது. இது ஒன்று திருந்தினாலே பாதி நோட்டு திருந்தும்.

மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், குறுக்குக் கோட்டுக்குப் பின் நெடுங்கோடு. பெரும்பாலான எழுத்துகளுக்கு இது போதும், விலக்குகளை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: வீடியோ பார்த்துப் பழகினால் அது எந்த நாட்டுடையது என்று பாருங்கள். 'வயல்' எழுத்தின் உள்ளே இருக்கும் சிலுவையில் சீனாவில் குறுக்குக் கோடு முதலில், ஜப்பானில் நெடுங்கோடு முதலில். நீங்கள் இருப்பது சீனாவில், அங்குள்ள வரிசையையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கட்டம் போட்ட பயிற்சி நோட்டில் ஒரு தப்பு எல்லாருமே செய்வோம், நானும் மாதக்கணக்கில் செய்தேன். ஒரு வரி முழுக்க எல்லாக் கட்டத்திலும் முதல் கோட்டை மட்டும் போட்டுக்கொண்டே போய், திரும்பி வந்து இரண்டாம் கோட்டைப் போடுவது. பக்கம் சீக்கிரம் நிரம்பும், கைக்கு ஒன்றும் ஏறாது. ஒரு கட்டத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த கட்டம். எழுதும்போது ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து எழுத்து போதும்.

அப்புறம், முடித்த நோட்டை மட்டும் ஆசிரியையிடம் நீட்டாதீர்கள். அவர் கண்முன்னாலேயே 'யீ' எழுதிக் காட்டுங்கள். உங்கள் தப்பு தாளில் இல்லை, கை போகும் போக்கில் இருக்கிறது. பக்கத்தில் நின்று அதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் கிடைத்திருக்கிறார், விட்டுவிடாதீர்கள்.