வெளியே இரண்டு பல் தடம், உள்ளே என்ன?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வளர்ப்பு நாயை இன்னொரு நாய் கடித்துவிட்டது, என்ன செய்வது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். நாங்கள் திருநகரில் இருக்கிறோம். இரண்டு வயது சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறோம். சாயங்காலம் தென்கால் கண்மாய்ப் பக்கம் நடக்கக் கூட்டிப்போனபோது இரண்டு தெருநாய்கள் பாய்ந்து கடித்துவிட்டன. இழுத்து விலக்கியதில் என் கையிலும் பல் கீறி ரத்தம் வந்தது. நாய்க்குப் பெரிய காயம் இல்லை, கழுத்தில் இரண்டு ஓட்டை, தொடையில் ஒரு கீறல். மஞ்சள் வைத்தோம். ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லை, தொட்டால் உறுமுகிறது. "நாய் நக்கியே ஆத்திக்கிடும், விடுங்க" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். விட்டுவிடலாமா? அந்தத் தெருநாய்களைப் பிடித்துப் போகச் சொல்ல முடியுமா?
- வாசகர், திருநகர், மதுரை

பதில்: தம்பி, உடனே கிளம்புங்கள் என்று உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

விடக் கூடாது. "ரெண்டு ஓட்டைதான்" என்று சொல்லி நான்காம் நாள் தூக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு கேட்பதில்லை. கோரைப்பல் தோலில் போடுவது சின்ன ஓட்டைதான். ஆனால் கடித்த நாய் சும்மா விடாது, பல்லை இறக்கிய கையோடு தலையை உதறும். நாயின் தோல் சதையோடு இறுக்கமாக ஒட்டியிருக்காது, பிடித்து இழுத்தால் தளர்ந்து வரும். அதனால் உதறும்போது தோல் பல்லோடு சேர்ந்து நகர்ந்துவிடும், அடியில் சதைதான் கிழியும், நசுங்கும். பல் வெளியே வந்ததும் தோல் பழைய இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். எச்சில், முடி, மண் எல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ள, நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் சீழ் கோத்துவிடும். உங்கள் நாய் சாப்பிடாததும் உறுமுவதும் கோபத்தால் இல்லை, அவ்வளவு வலி.

வீட்டில் முதலில் செய்ய வேண்டியது, வாயைக் கட்டுவது. எவ்வளவு பாசமான நாயாக இருந்தாலும் வலியில் கடிக்கும். ஒரு துண்டையோ துப்பட்டாவையோ மூக்குக்கு மேல் சுற்றி, தாடைக்குக் கீழே கொண்டுவந்து, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். மூச்சு வாங்கினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டவே கூடாது. பிறகு கையுறை மாட்டிக்கொண்டு காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி மருந்தைத் தடவுங்கள். கையுறை ஏன் என்றால், கடித்த நாயின் எச்சில் உங்கள் நாயின் முடியில் இருக்கும், உங்கள் விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அது போதும். ரத்தம் கொட்டினால் கழுவிக்கொண்டு நிற்காதீர்கள். சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடித்தபடியே வண்டி ஏறுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம், ஓட்டை அடைத்துக்கொள்ளுமே தவிர ஆறாது. நக்கினால் ஆறும் என்பதும் தப்பு, நக்க நக்கக் காயம் விரியும்.

பாராசிட்டமால், டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் என்று வீட்டில் கிடக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சாதாரணமான மாத்திரை, நாய்க்கு வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும், ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ராத்திரி என்றும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரம் எது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப்போய், இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்தே இருந்தால் உள்ளே ரத்தப்போக்கு இருக்கலாம், அதிர்ச்சியில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். கழுத்திலோ நெஞ்சிலோ கடிபட்டிருந்தால் சுற்றியுள்ள தோலை மெதுவாகத் தடவுங்கள். அப்பளம் நொறுங்குவது போல விரலுக்கடியில் தட்டுப்பட்டால் மூச்சுக்குழலோ நெஞ்சோ கிழிந்து தோலுக்கடியில் காற்று ஏறுகிறது என்று அர்த்தம், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. வயிற்றில் கடி, நிற்க முடியாமல் சாய்வது, வாயைத் திறந்து இளைப்பது எல்லாம் இதே கணக்குத்தான். சின்ன நாயைப் பெரிய நாய் தூக்கி உதறியிருந்தால் வெளியே காயமே இல்லாவிட்டாலும் காட்டியாக வேண்டும், விலா எலும்பும் குடலும் உள்ளே அடிபட்டிருக்கும். நடக்க முடியாத நாயைக் கக்கத்தில் இடுக்காமல், சாக்கிலோ போர்வையிலோ கிடத்தி இரண்டு பேர் நான்கு முனையையும் பிடித்துத் தூக்குங்கள்.

மருத்துவர் முடியைச் சிரைத்துவிட்டு, ஓட்டையை உள்ளே வரை கழுவுவார், செத்த சதையை எடுப்பார், தேவைப்பட்டால் சீழ் வடியக் குழாய் வைப்பார். தையல் போடவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். கடிக்காயத்தைத் தைத்து மூடினால் கிருமியும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்பதால் பல நேரம் திறந்துதான் விடுவோம். முதல் ஆறேழு மணி நேரத்துக்குள் வந்தால் வேலை சுலபம். ஆன்டிபயாடிக் மாத்திரையை நாய் ஓடியாடத் தொடங்கியதும் நிறுத்திவிடாமல் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

அடுத்தது ரேபிஸ். தெருநாயின் காதில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை செய்த நாய், அப்போது தடுப்பூசியும் போட்டிருப்பார்கள். ஆனால் அது எத்தனை வருடத்துக்கு முன்னால் என்று காது சொல்லாது. உங்கள் நாய்க்கு வருடாந்திர ஊசி ஒழுங்காகப் போட்டிருந்தாலும் பூஸ்டர் உடனே போட வேண்டும். போடாத நாய் என்றால் கடிபட்ட அன்று தொடங்கி 3, 7, 14, 28-ஆம் நாள்களில் ஊசி, அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் கண்காணிப்பு. கடித்த நாயை 10 நாள் தூர இருந்து பாருங்கள். நன்றாக இருந்தால் கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று நிம்மதி அடையலாம். ஆனால் 10 நாள் பார்த்துவிட்டு ஊசி போடுகிறேன் என்று தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் கை. கேள்வியில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு நாயைவிட அதுதான் முதல் கவலை. ரத்தம் வந்த கீறல், தெருநாய்ப் பல்லா உங்கள் நாய்ப் பல்லா என்று அந்தக் களேபரத்தில் யாருக்கும் தெரியாது. சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசுப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். ஊசி இலவசம். ரத்தம் வந்திருப்பதால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் பொருள்) தேவைப்படும், டெட்டனஸுக்கான டிடி ஊசியையும் கேளுங்கள். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வழி கிடையாது, அதற்கு முன்னால் முழுசாகத் தடுக்க முடியும்.

தெருநாய் பற்றி: மாநகராட்சியில் புகார் கொடுங்கள், பிடித்துப்போய்க் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வார்கள். 2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிப்படி பிறகு பொதுவாக அதே இடத்தில்தான் விட வேண்டும், ரேபிஸ் சந்தேகம் உள்ள நாய், மூர்க்கமான நாய் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. யாராவது விஷம் வைக்கலாம் என்று பேச்செடுத்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள். அது குற்றம், பாவமும்கூட.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் ராஜபாளையம் நாயைக் கட்டாமல் விடுகிறார். அது எங்கள் நாட்டு நாயைக் குதறிவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவு கேட்டால் "நாயின்னா கடிக்கத்தான் செய்யும்" என்கிறார். தடுப்பூசி அட்டையையும் காட்ட மாட்டேன் என்கிறார்.
- வாசகர், மேலூர்

பதில்: பணத்தை விடுங்கள், முதலில் அட்டையை வாங்குங்கள் அண்ணே. செலவுப் பேச்சையும் தடுப்பூசிப் பேச்சையும் ஒன்றாக எடுத்தால் இரண்டும் கெடும். "உங்க நாய் மேல குறை சொல்ல வரலை, ஊசி போட்டிருக்கான்னு மட்டும் தெரியணும்" என்று இருவருக்கும் வேண்டிய ஒருவரை வைத்துக் கேட்டால் பெரும்பாலும் காட்டிவிடுவார்கள். காட்டாவிட்டால் ஊசி போடாத நாய் என்றே வைத்துக்கொண்டு வைத்தியம் பாருங்கள்.

செலவுக்கு: காயத்தை அன்றைய தேதியிலேயே படம் எடுத்துவையுங்கள், மருத்துவரின் சீட்டு, பில், பார்த்த சாட்சி எல்லாம் இருக்கட்டும். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, வளர்க்கும் விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவர் மீது ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் என்கிறது. அது மனிதருக்கு வரும் ஆபத்தைப் பேசும் பிரிவு, நாய்க்கு ஆன செலவை வாங்கித் தராது. ஆனால் தெருவில் குழந்தைகள் நடமாடுகிறார்கள், நாய் அவிழ்ந்து திரிகிறது என்று எழுதிக் கொடுத்தால் காவல் நிலையத்தில் கூப்பிட்டுப் பேசுவார்கள். நஷ்டஈடு என்றால் சிவில் வழக்குத்தான், மூவாயிரம் நாலாயிரத்துக்கு அது கட்டுப்படியாகாது. நாயைக் கட்டிப்போட வைத்தாலே உங்களுக்கு வெற்றி.

கேள்வி: ஐயா, தோட்டத்துக் காவலுக்கு இருக்கும் நாயை வேறு நாய் முதுகில் கடித்து ஒரு வாரம் ஆகிறது. இப்போது புண்ணில் புழு வைத்துவிட்டது. பெட்ரோல் ஊற்றச் சொல்கிறார்கள், அந்துருண்டையைப் பொடித்து வைக்கச் சொல்கிறார்கள். எது நல்லது?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. பெட்ரோல், மண்ணெண்ணெய், பினாயில் மூன்றும் புழுவோடு சேர்த்து நல்ல சதையையும் பொசுக்கும். அந்துருண்டையும் சூடமும் நாய் நக்கினால் விஷம். மாட்டுக்குப் போடும் புழு ஊசியை அளவு தெரியாமல் போட்டு நாயைப் பறிகொடுப்பவர்களும் உண்டு.

மேலே தெரிவது கொஞ்சம்தான், புழு தோலுக்கடியில் குடைந்துகொண்டே போகும். மருத்துவர் மருந்தடித்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, மறுநாளும் பார்ப்பார், ஏனென்றால் ஒரே தடவையில் எல்லாம் வராது. உசிலம்பட்டி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வண்டி இல்லை என்றால் 1962-க்குக் கூப்பிட்டு நடமாடும் கால்நடை ஊர்தி வருமா என்று கேட்டுப்பாருங்கள். ஆறும்வரை நாயைத் தோட்டத்தில் விடாமல், ஈ வராத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள், கொசுவலைக்குள் படுக்க வைத்தாலும் நல்லது. ஈ உட்கார்ந்து முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வெளிவந்துவிடும். கேட்காமலே ஒன்று சொல்கிறேன், ரேபிஸ் ஊசி போட்டீர்களா? ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, இன்றைக்கே தொடங்குங்கள். புண்ணைத் தொட்டவர்களும் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: காயம் ஆறிவிட்டது. ஆனால் எங்கள் பெண் நாய் தெருவுக்கு வர மறுக்கிறது. எந்த நாயைப் பார்த்தாலும் குரைத்துத் தள்ளுகிறது. முன்பு இப்படி இல்லை.
- வாசகி, செல்லூர்

பதில்: பயம்தான். குரைப்பதற்காக அடிக்காதீர்கள், "நாயைப் பார்த்தாலே அடி விழுகிறது" என்று பயம் இரட்டிப்பாகும். இழுத்துக்கொண்டு போய்ப் "பழகு" என்று இன்னொரு நாயின் முன்னால் நிறுத்துவதும் கூடாது. கடிபட்ட தெருவை விட்டுவிட்டு, ஆள் நடமாட்டமும் நாய் நடமாட்டமும் குறைவான விடியற்காலையில் வேறு வழியில் கொஞ்ச தூரம் கூட்டிப்போங்கள். தூரத்தில் ஒரு நாய் தெரிந்து, உங்கள் நாய் அதைக் கவனித்தும் இன்னும் குரைக்காமல் இருக்கும் அந்தத் தூரத்தில் நின்று, அவித்த கோழித்துண்டு ஒன்றைக் கொடுங்கள். குரைக்கத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், திரும்பிவிடுங்கள். இப்படி வாரக்கணக்கில் தூரத்தைக் குறைக்க வேண்டும், அவசரப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

காயம்பட்ட இடத்தைத் தொட்டால் இன்னும் சுருங்குகிறதா என்றும் பாருங்கள். உள்ளே வலி மிச்சம் இருந்தால் எந்தப் பழக்கமும் பலிக்காது, மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுபடியும் தெருநாய் பாய்ந்தால் நடுவில் கையை விடாதீர்கள். ஒரு குடையைச் சட்டென்று விரித்து இரண்டுக்கும் நடுவில் பிடித்தால் பல நாய்கள் தயங்கி நிற்கும். வீட்டு வாசல் என்றால் ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் அடியுங்கள்.

கேள்வி: கடிபட்ட நாய்க்கு முட்டை, கறி கொடுத்தால் சீழ் வைக்கும் என்கிறார்கள். பத்தியம் உண்டா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: பத்தியம் கிடையாது. சீழ் வைப்பது கிருமியால்தான், முட்டையால் இல்லை. புதுச் சதை வளர இந்த நேரத்தில்தான் புரதம் அதிகம் வேண்டும், அதனால் வெறும் பால் சோறு, தயிர் சோறு போதாது. அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி, கொஞ்சம் சோறு போதும். மசாலா, வெங்காயம், பூண்டு சேர்க்காதீர்கள், வேகவைத்த எலும்பு கூடவே கூடாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றால் வாயில் ஊற்றிப் புகட்டாமல் மருத்துவரிடம் கொண்டுபோய் டிரிப் ஏற்றுங்கள்.