வாசலில் தொங்கும் புற்றுநோய்ப் பலகை

தங்கைக்கு,

அக்கா என்று அழைத்திருப்பதால் உரிமையோடு ‘நீ’ என்றே எழுதுகிறேன். கலிபோர்னியாவின் சன்னிவேலில் நீ குடியேறிய அடுக்குமாடியின் வாசலில், புற்றுநோயும் பிறவிக் குறைபாடும் உண்டாக்கும் வேதிப்பொருட்கள் இங்கே உள்ளன என்று பலகை தொங்குகிறது. நான்கு மாதக் கர்ப்பத்தோடு அங்கே இருக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பலகைக்காக வீட்டைக் காலி செய்யாதே. வேறு எங்கே போனாலும் அதைப் பார்ப்பாய். வாணலியில், கைப்பையில், ஹோட்டல் வாசலில், கார் நிறுத்துமிடத்தில்கூட இருக்கும்.

1986-இல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம் இது. ‘ப்ராப் 65’ என்பார்கள். இப்படித் தீங்கு செய்பவை என்று மாநில அரசு வைத்திருக்கும் பட்டியலில் ஏறத்தாழ 900 வேதிப்பொருட்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் எச்சரிக்கத் தவறினால், ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 2,500 டாலர் வரை அபராதம். அரசு மட்டுமல்ல, பொதுநலன் என்று சொல்லித் தனியாரும் வழக்குப் போடலாம். அபராதத்தில் கால் பங்கு அவர்களுக்கு. பிறகு எந்த உரிமையாளர் சோதனைக்குச் செலவழிப்பார்? பலகை மலிவு, மாட்டிவிடுகிறார். காபி வறுபடும்போது உண்டாகும் அக்ரிலமைடு என்ற, அந்தப் பட்டியலில் உள்ள பொருளுக்காகக் கடைகள் எச்சரிக்கை வைக்க வேண்டும் என்று 2018-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டே மாநில அரசு விதியைத் திருத்திக் காபிக்கு விலக்கு அளித்தது.

சட்டத்தின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. கருவுக்குத் தீங்கு செய்யும் பொருளென்றால், பாதிப்பே தெரியாத அளவையும் ஆயிரத்தால் வகுத்துத்தான் வரம்பு வைக்கிறார்கள். ஆனால் வழக்குக்குப் பயந்து எழுதும் பலகை, எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதில்லை. கார்ப் புகைக்கும் காரீயத்துக்கும் ஒரே குரலில்தான் கத்துகிறது. எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான்.

2004-இல் நானும் உன்னைப் போலவே வாசல் பலகையைப் பார்த்து இரண்டு வாரம் தூங்கவில்லை. வாடகை ஒப்பந்தக் கட்டில் இருந்த, பழைய பெயிண்டில் காரீயம் இருக்கலாம் என்று எச்சரிக்கும் காகிதத்தையோ படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன். 1978-க்கு முன் கட்டிய வீடென்றால் அந்தக் காகிதத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான சட்டம். எங்கள் கட்டடம் 1962-ஐச் சேர்ந்தது. ஜன்னல் விளிம்பில் பெயிண்ட் உரிந்துகொண்டிருந்தது. மகளுக்கு ஒரு வயதில் இரத்தம் எடுத்தபோது காரீயம் கூடுதலாக இருந்தது. அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த மாதங்களை மட்டும் நான் மறக்கவில்லை.

அதனால் முதலில் உன் கட்டடம் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்று விசாரி. பழையதென்றால் அந்தக் காகிதத்தைத் தேடிப் படி. ஜன்னல் பெயிண்ட் உரிந்திருந்தால் நீயே சுரண்டாதே. உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவி. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, காரீயத்துக்கு இரத்தப் பரிசோதனை வேண்டுமென்று நீயே கேள். ஊரிலிருந்து ஈயச் சொம்பு கொண்டுவந்திருந்தால் இப்போதைக்கு அதில் ரசம் வைக்க வேண்டாம். சுத்த வெள்ளீயமா, காரீயம் கலந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆண்டு தெரிந்ததும் எனக்கு எழுது.