மூணாறு கல்லறைத் தோட்டம்: நாற்று அழுகல், பாசி

நீங்கள் எல்லாரும் சேர்ந்து பழைய கல்லறைகளுக்கு நடுவே வைத்த செண்டுமல்லி மழையில் அழுகுகிறது, கல்லில் படிந்த பாசிக்கு ஆசிட் ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம், பிளீச்சிங் பவுடரும் கூடாது. எழுத்தே அரித்துப் போகும். 1894-ல் காலராவில் இறந்த எலினார் இசபெல் மே என்ற ஆங்கிலேயப் பெண் அடக்கமான பழைய சரிவு அது. அங்குள்ள சி.எஸ்.ஐ. தேவாலயமே பிறகுதான் வந்தது. வெறும் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும்.

அப்புறம் நாற்று. அடித்தண்டைக் கிள்ளிப் பாருங்கள், பழுப்பாகக் கொழகொழவென்று வந்தால் தண்ணீர் தேங்குகிறது. பாத்தியை அரையடி உயர்த்துங்கள், வடிகால் கல்லறைப் பக்கம் போகக்கூடாது. ஆழமாகக் கொத்தினால் பழைய கல் சாய்ந்துவிடும். செண்டுமல்லி மழை ஓய்ந்தபின் வைக்கலாம். இப்போதைக்கு ஹைட்ரேஞ்சியா கம்பு ஊன்றுங்கள். நம் தேயிலை மண்ணின் புளிப்புக்குப் பூ நல்ல நீலமாக வரும்.