‘பெஸ்ட்’ வேறு, 20 வருஷம் வேறு

அன்புள்ள சார்,

டல்லாஸில் ஒரு கடையில் மெத்தை வாங்கினோம். ‘அமெரிக்காவிலேயே இதுதான் பெஸ்ட், 20 வருஷமானாலும் குழி விழாது’ என்றார் விற்பனையாளர். 8 மாதத்தில் நடுவில் பள்ளம். போய்க் கேட்டால், ‘அது வெறும் பஃபரி, சட்டப்படி செல்லாது’ என்கிறார்கள். இங்கே வியாபாரி எந்தப் பொய்யையும் சொல்லலாமா?

ஒரு வாசகர், டல்லாஸ்

அன்புள்ள நண்பருக்கு,

சொல்லக் கூடாது. அவர் ஒரே மூச்சில் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். ‘பெஸ்ட்’ என்பது தன் சரக்கைத் தானே புகழ்வது. உண்மையா பொய்யா என்று அளந்து பார்க்க வழியில்லாததால் பஃபரி என்று கோர்ட் விட்டுவிடும். ‘20 வருஷம்’ அப்படியல்ல, அது வாக்கு. லூசியானா தவிர எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட விற்பனைச் சட்டத்தில், பேரத்துக்கு அடிப்படையான அப்படிப்பட்ட வாக்கே வாரன்டி. அந்தச் சொல்லை அவர் உச்சரித்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

1918-இல் நீதிபதி லேர்னட் ஹேண்ட் இதே கோட்டைக் கிழித்தார். தண்ணீர் விசையில் ஓடும் வாக்குவம் கிளீனர் வழக்கு அது. ‘பிரமாதமாகச் சுத்தம் செய்யும், செலவு குறைவு’ என்ற பேச்சையெல்லாம் அவர் தள்ளிவிட்டார், வாங்கிய கம்பெனி ஓட்டிப் பார்த்திருக்கலாமே என்று. ஆனால் ‘இது இன்னும் சந்தைக்கே போகவில்லை’ என்றும் விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். போயிருந்தது. அதை ஜூரி விசாரிக்கட்டும் என்றார். இன்னொன்றையும் கவனியுங்கள்: இரு தரப்பும் சமமான நிலையில் இருந்தால்தான் விற்பவரின் புகழ்ச்சிப் பேச்சுக்கு அந்தச் சலுகை. மெத்தைக் கடையில் நீங்களும் அவரும் சமமா?

உங்கள் ஊரிலேயே ஒரு வழக்கு நடந்தது. ‘பெட்டர் இன்க்ரீடியன்ட்ஸ், பெட்டர் பீட்சா’ என்ற பாப்பா ஜான்ஸ் வாசகத்தை எதிர்த்து பீட்சா ஹட் போனது, டல்லாஸ் ஜூரி அவர்கள் பக்கம் நின்றது. 2000-இல் அப்பீல் கோர்ட் அதை மாற்றியது. வாசகம் தனியாக நின்றால் பஃபரி; சாஸையும் மாவையும் ஒப்பிட்ட விளம்பரங்களோடு சேர்ந்தபோது தகவலாகிவிட்டது, ஆனால் அதை நம்பித்தான் ஜனங்கள் வாங்கினார்கள் என்று நிரூபிக்கவில்லை என்றது. இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. யாரும் நம்பாத வாசகத்துக்கா ஒரு கம்பெனி அவ்வளவு பணத்தைக் கொட்டும்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பில்லின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘எழுத்தில் உள்ளது மட்டுமே ஒப்பந்தம்’ என்று இருந்தால், வாயால் சொன்னதை நிலைநாட்டுவது கஷ்டம். ஆனால் மெத்தையோடு வந்த அட்டையிலோ கடை விளம்பரத்திலோ அந்த 20 வருஷம் அச்சாகியிருந்தால் உங்கள் கை ஓங்கும். அந்த அட்டையைத் தூக்கிப் போடவில்லையே?